திங்கட்கிழமைத் தலை

அந்தத் தெருவிலேயே மிக மோசமாக முடிவெட்டிய தலை எது என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு சலூன்காரரின் மனைவிக்குத்தான் போகும். ஆனால் பரிசு வாங்க அவள் மேடை ஏறமாட்டாள். ஏறினாலும் தலையில் கட்டிய துணியை அவிழ்க்கமாட்டாள். பாதி நெற்றியையும் இரண்டு காதுகளையும் மூடி, பின்கழுத்தில் இரட்டை முடிச்சுப் போட்டு அவள் கட்டுகிற அந்தத் துணியால்தான் அவளுக்கு முக்காட்டக்கா என்று பெயர் வந்தது. வேலை செய்யும் இடத்தில் சின்னப் பெண்கள் கேலிக்கு வைத்த பெயர் அது. நாளாக ஆக, கேலி உதிர்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

துணிக்கு அடியில் இருப்பது என்னவென்று அவளுக்கும் கணவருக்கும் மகளுக்கும் தோல் டாக்டருக்கும் மட்டுமே தெரியும். சொரியாசிஸ். தலை முழுக்கத் தடித்த வெள்ளைச் செதில்கள், அதற்குக் கீழே தொட்டால் எரிகிற சிவந்த தோல். முழங்கை, முழங்கால், முதுகு என்று அங்கங்கே கிளை திறந்திருந்தாலும் அந்த வியாதிக்குத் தலைமை அலுவலகம் தலைதான். பத்தொன்பது வயதில் வந்தது. ஒட்டாது, உயிரை எடுக்காது, ஆனால் விட்டும் போகாது. மருந்து போட்டால் கொஞ்ச நாள் வெளியூர் போன மாதிரி இருக்கும். அப்பாடா என்று மூச்சு விடும்போது மூட்டை முடிச்சோடு திரும்பி வந்து நிற்கும்.

"கவலைப்படாம இருங்க. கவலைப்பட்டா இது கூடும்" என்பார் டாக்டர். கூடுகிறதே என்றுதான் அவள் கவலைப்பட்டாள். கவலைப்பட்டதால் கூடியது. இந்தச் செக்கைச் சுற்றியே அவளுக்கு இருபத்துச் சொச்சம் வருடம் போய்விட்டது.

அரிப்பும் எரிச்சலும் செதிலும் எல்லோரும் எதிர்பார்க்கக் கூடியவை. எந்த மருந்துச் சீட்டிலும் எழுதாத ஒன்றையும் அந்த வியாதி அவளுக்குக் கொடுத்திருந்தது. பொறாமை. லேசுப்பட்ட பொறாமை இல்லை. பஸ்ஸில் முன் சீட்டுக்காரியின் பின்கழுத்தைப் பார்த்தால் வயிறு எரியும். கூட்டத்தில் யாராவது யோசனையே இல்லாமல் தலையைச் சொறிந்துகொண்டால், அட பாவி, உனக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று தோன்றும். மழையில் நனைந்து தலையை உதறுகிறவர்கள், சொந்தக்காரர் வீட்டுத் தலையணையில் கூசாமல் படுக்கிறவர்கள், சட்டை எடுக்கும்போது நிறத்தை மட்டும் பார்த்து எடுக்கிறவர்கள், எல்லோர் மேலும் அவளுக்கு ஒரு வழக்கு இருந்தது. கறுப்பு உடை போட்டு அவளுக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கறுப்பு உடை காட்டிக் கொடுத்துவிடும். வெள்ளை, சந்தனம், சாம்பல் என்று செதில் விழுந்தாலும் தெரியாத நிறங்களிலேயே அவள் வாழ்க்கை ஓடியது.

அவள் வேலை செய்தது ஒரு பெரிய சலவை நிலையத்தில். முன்பக்கம் கண்ணாடிக் கவுண்டர். பின்பக்கம் ஆவி பறக்கும் கூடம். கூடத்தின் மூலையில், பிரகாசமான விளக்குக்கு அடியில் கறை எடுக்கும் மேசை இருந்தது. அதுதான் அவளுடைய இடம். வருகிற துணியை விளக்கில் விரித்து, இது தேநீர், இது மை, இது துரு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மருந்தைத் தொட்டு வைத்து, ஊரார் கறையையெல்லாம் போக்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்களின் அழுக்கு அவள் கையில் நிமிஷத்தில் போய்விடும். தன்னுடையதற்குத்தான் மருந்தில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு உதட்டைத் தாண்டி உள்ளே போகாது.

கவுண்டரில் பில் போடுகிற பெண் ஒருத்தி இருந்தாள். தினம் ஒரு கறுப்புச் சட்டை போடுவாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்றுதான் முக்காட்டக்கா வெகுநாள் நினைத்திருந்தாள். பாவம், அந்தப் பெண் கறுப்பு நிறம் உடம்பை ஒல்லியாகக் காட்டும் என்று போடுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவள் கண்ணுக்குக் கறுத்ததெல்லாம் பேய்.

பெற்ற மகளையும் அந்தப் பொறாமை விடவில்லை. சொல்லக் கூசினாலும் உண்மை அதுதான். மகள் பிறந்த நாளிலிருந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் பிள்ளையின் தோலைத் தேடினாள். ஒரு கொசுக்கடி சிவந்தாலும் உயிர் போய் உயிர் வரும். தனக்கு வந்தது பிள்ளைக்கு வந்துவிடக் கூடாது என்று வேண்டாத தெய்வமில்லை. வரவும் இல்லை. வளர்ந்த மகள் குளித்துவிட்டுத் தண்ணீர் சொட்டச் சொட்ட வழவழவென்று கூடத்தில் நடந்து போகும்போது, நிம்மதிக்குப் பக்கத்திலேயே ஒன்று சுருக்கென்று குத்தும். அடுத்த நொடியே, நான் எல்லாம் ஒரு தாயா என்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டிக்கொண்டால் போய்விடுமா?

மகளுக்கு முடிவெட்டுவது அப்பாதான். பால்கனியில் ஸ்டூலைப் போட்டு, கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, ஒரு கையால் முகவாயை நிமிர்த்தி, மறு கையால் கத்தரியை ஓட்டுவார். பேச்சும் சிரிப்புமாக நடக்கும். முக்காட்டக்கா வாசலில் துடைப்பத்தோடு நிற்பாள். கீழே விழும் முடியைக் கூட்டத்தான் நிற்கிறாள் என்று அவர்கள் நினைப்பார்கள். அந்தக் கையைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு பால்கனியும் காலியாகிவிட்டது.

அந்தக் கை எப்படிப்பட்டதென்று ஊருக்கே தெரியும். அழுகிற குழந்தை அவர் நாற்காலியில் தூங்கிவிடும். முன்கோபக்காரக் கான்ட்ராக்டர் ஒருவர், ஷேவிங்குக்கு வந்து குறட்டை விட்டுவிட்டுப் போவார். ஆண்களுக்கான சின்னக் கடைதான். இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, நீளக் கண்ணாடி. அந்தத் தெருவின் ஒவ்வொரு தலையிலும் எங்கே சுழி, எங்கே தழும்பு என்று அவருக்கு மனப்பாடம். ஒரே ஒரு தலைதான் தெரியாது. விளக்கின் அடியில் இருட்டு என்பது இதுதான்.

அதற்கு அவர் காரணமில்லை. பெண் பார்க்க வந்தபோதே அவள் மறைக்காமல் சொன்னாள். "எனக்குத் தோல்ல வியாதி இருக்கு. ஒட்டாது. ஆனா போகவும் போகாது." அவர் சிரித்தபடி, "என் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்குப் பொடுகுதாங்க. நான் பாக்காத தலையா?" என்றார். நல்லெண்ணத்தில் சொன்ன வார்த்தை. அது அவளுக்கு முள்ளாகக் குத்தியது. என் வாழ்க்கையே நாசமாகிக் கிடக்கிறது, இந்த மனிதருக்கு இது பொடுகா?

கல்யாணமான புதிதில் ஒரு நாள் சீப்பும் கையுமாக வந்து, "உக்காரு, நான் வாரி விடறேன்" என்றார். அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"இது உங்க கடைக்கு வர்ற தலை இல்ல! எந்தக் காலத்துலயும் இதைத் தொடமாட்டேன்னு சொல்லுங்க. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னும் சொல்லுங்க."

அவர் இரண்டையும் சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அன்றிலிருந்து அவள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தார் வாசனை அடிக்கும் ஷாம்பு போட்டு, தானே சீப்பால் செதிலை இழுத்து, தானே கத்தரியால் கண்டபடி முடியை நறுக்கிக்கொள்வாள். தொடாதே என்று சொன்னவளும் அவள்தான். தொடவில்லையே என்று உள்ளுக்குள் வெந்து சாகிறவளும் அவள்தான். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்பது?

கடைத் துணிகளை வீட்டில் துவைப்பது அவள் பொறுப்பு. கழுத்தைச் சுற்றிக் கட்டும் கறுப்புத் துணிகளையும் துண்டுகளையும் அவர் பையில் போட்டுக் கொண்டுவருவார். பால்கனியில் நின்று உதறிவிட்டு மெஷினில் போடுவாள். கறுப்புத் துணியை உதறும்போதெல்லாம் அதில் ஊரார் முடியோடு நாலைந்து வெள்ளைச் செதிலும் ஒட்டியிருக்கும். சனியன், துணியைத் தொட்டதும் என்னிடமிருந்து விழுந்துவிட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தட்டிவிடுவாள். கையுறை போட்டுப் பார்த்தாள். தலைக்கட்டை இன்னும் இறுக்கிப் பார்த்தாள். அப்படியும் விழுந்தது. ஊராருக்குக் கட்டுகிற கடைத் துணியில்கூடத் தன் வியாதி போய் உட்கார்ந்துகொள்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆனாலும் சில மாதங்களாகவே அவர் திங்கட்கிழமை காலையில் கிளம்பிவிடுவார். கேட்டால், கண்ணாடி துடைக்க வேண்டும், மெஷினுக்கு எண்ணெய் விட வேண்டும் என்பார். அவள் வேலைக்குப் போய்விடுவதால் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை மாலை, பையைத் தலைகீழாகக் கொட்டியபோது ஒரு துண்டு தனியாக விழுந்தது. நனைந்து, கனமாக இருந்தது. விடுமுறை நாளில் ஈரத் துண்டு எங்கிருந்து வந்தது? விரித்தாள். நடுவில் ஒரு நீளமான முடி. வெளிச்சத்தில் பிடித்தாள். சுருள் சுருளாக, முழங்கை நீளத்துக்கு இறங்கியது. பெண்பிள்ளை முடி.

ஆனால் கறை எடுக்கிறவளுக்கு முடி மட்டும் சாட்சி போதாது. துண்டை விளக்குக்கு அடியில் கொண்டுபோனாள். எண்ணெய்க் கறை. விரலால் தேய்த்துப் பார்த்தாள். ஆறிய எண்ணெய் துணியில் மேலாகப் படரும். சுடவைத்த எண்ணெய் நூலுக்குள் இறங்கிவிடும். இது இறங்கியிருந்தது. அப்படியானால், யாரோ ஒருத்தி வருகிறாள். கடை மூடியிருக்கிற நாளாகப் பார்த்து வருகிறாள். அவளுக்காக இந்த மனிதர் எண்ணெயைச் சுடவைத்துத் தலையில் தேய்த்து விடுகிறார்!

அன்று சமையலில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. அவர் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்.

"கண்ணாடி தொடச்சாச்சா?" என்றாள்.

"ஆச்சு."

"நல்லாத் தொடச்சீங்களா?"

"கண்ணாடிதானே, தொடச்சேன்."

"ரொம்ப அழுக்கோ?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குள் நடந்ததை வேலை என்று கணக்கில் எடுத்தால், சலவை நிலையத்தில் அவள் செய்தது அரை வேலைதான். அந்தச் சுருள் முடிக்கு ஒரு முகம் வைத்தாள். முகத்துக்குக் கீழே வழவழவென்று ஒரு கழுத்து வைத்தாள். கறுப்புச் சட்டை போடாமல் விடுவாளா? அதையும் போட்டுவிட்டாள். அந்தத் தலையில் தன் கணவரின் பத்து விரலும் ஊர்ந்து போவதை விளக்குக்கு அடியில் துணிக்குத் துணி பார்த்தாள். வெள்ளைக் கோட்டு ஒன்றில் இல்லாத கறைக்கு மருந்து தடவி, அதை ஓட்டையாக்கிவிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் கையால் பாழான முதல் துணி அது.

"என்னக்கா, உடம்பு சரியில்லயா?" என்று பில் போடும் பெண் வந்து கேட்டது. கறுப்புச் சட்டைதான்.

"உனக்கு வேற கலர்ல சட்டையே இல்லயாடி?" என்று எரிந்து விழுந்தாள். அந்தப் பெண் முகம் சுருங்கிப் போய்விட்டது.

வியாதி சும்மா இருக்குமா? கவலை வந்தால் அதற்குத் திருவிழா. நெற்றி ஓரம் வரை சிவந்து இறங்கிவிட்டது. தலைக்கட்டைப் புருவம் வரை இழுத்துவிட வேண்டியதாயிற்று. கண்ணாடியைப் பார்த்தபோது, இவரைச் சொல்லி என்ன குற்றம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நல்ல தலை கிடைத்தால் எந்தக் கை வேண்டாமென்று சொல்லும்? அடுத்த நிமிஷமே கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க அவள் ஒன்றும் தியாகி இல்லை. அவருடைய கையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை, இன்னொருத்திக்கென்று விடவும் மனமில்லை. அந்தக் கை போய்விட்டால் தன்னிடம் என்ன மிச்சம் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவள், தெருமுனையில் ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் சலூன் தெரியும். முள்ளின் மேல் நிற்பதுபோல் நின்றாள். கணவர் வந்தார், ஷட்டரைப் பாதி ஏற்றினார், குனிந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் பை. தலையில் தொப்பி. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, சட்டென்று குனிந்து ஷட்டருக்குள் நுழைந்தாள். தொப்பிக்குக் கீழே பின்னங்கழுத்தில் சுருள் முடி தொங்கியது.

பிறகு உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். பெண் சிரிப்பு. கூடவே அவர் சிரிப்பு. வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு முக்காட்டக்கா தெருவைக் கடந்தாள். கையும் களவுமாகப் பிடித்ததும் முதலில் அவளைக் கேட்பதா, இவரைக் கேட்பதா என்பது மட்டும்தான் பாக்கி. ஷட்டருக்குள் குனிந்து நிமிர்ந்தாள்.

நாற்காலியில் அந்தப் பெண், கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் துணியோடு உட்கார்ந்திருந்தாள். கணவர் இவளுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரம். அதற்குள் ஒரு கிண்ணத்தில் எண்ணெய். அவர் கையில் அகலப் பல் சீப்பு. சுருள் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, ஒரு வகிட்டில் எண்ணெயைத் தொட்டு வைத்து, ஊற விட்டு, சீப்பைப் படுக்க வைத்து மெல்ல நகர்த்தினார். சீப்பின் முன்னால் ஒரு வெள்ளைத் தகடு தானாக நழுவி வந்தது.

முக்காட்டக்காவின் கண் கண்ணாடிக்குப் போனது. கண்ணாடியில் அந்தத் தலை முழுசாகத் தெரிந்தது. தடித்த செதில்கள், கீழே சிவந்த தோல், காது ஓரம் வரை இறங்கிய சிவப்புக் கோடு. இருபது வருடமாகத் தாழிட்ட கதவுக்குப் பின்னால் அவள் மட்டும் பார்த்த தலை, இங்கே ட்யூப்லைட் வெளிச்சத்தில், இன்னொருத்தியின் கழுத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பெண்ணின் தோளில் கறுப்புத் துணி. அதில் நாலைந்து வெள்ளைச் செதில்கள். அதைப் பார்த்தபோதுதான் முக்காட்டக்காவுக்கு உறைத்தது. பால்கனியில் நின்று பல்லைக் கடித்துத் தட்டிவிட்டதெல்லாம் தன்னுடையதே இல்லை. இவளுடையது.

அவரும் கண்ணாடியில்தான் அவளைப் பார்த்தார். சீப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டாள். முக்காட்டக்காவின் தலைக்கட்டை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு விளக்கம் தேவையில்லை.

"உங்களுக்கும் தலையிலயா?" என்றாள். குரலில் சந்தோஷம். "ஐயோ, வாங்க, வாங்க. உக்காருங்க. என்னங்க நீங்க, இன்னொருத்தங்க வர்றாங்கன்னு சொல்லவே இல்லயே?"

சலூன்காரர் எண்ணெய்க் கிண்ணத்தின் பக்கம் குனிந்துகொண்டார்.

"கூச்சப்படாதீங்க" என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். "நானும் மொத நாள் அழுதுட்டேன். எத்தனை கடையில திருப்பி அனுப்பியிருக்காங்க தெரியுமா? ஒருத்தி சீப்பைத் தூக்கிக் குப்பையிலயே போட்டா, என் கண்ணு முன்னாடி. இங்க அப்படி இல்ல. பயப்படாம உக்காருங்க. இவர் கை வலிக்கவே வலிக்காது."

இவர் கை வலிக்கவே வலிக்காது. முக்காட்டக்காவின் கணவருடைய கையைப் பற்றி, முக்காட்டக்காவுக்கே யாரோ ஒருத்தி நற்சான்று கொடுக்கிறாள்! அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் சரிந்துவிட்டன. முதலில் வந்தது நிம்மதி, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஒரு மூச்சுக்கு மேல் நிற்கவில்லை. பின்னாலேயே பொறாமை, முன்பைவிடப் பெரிதாக வந்தது. நல்ல தலைக்காரியிடம் தோற்றிருந்தால்கூட, சரி, விதி என்று இருந்திருப்பாள். இவள் தன்னைப் போன்றவள். அதே செதில், அதே சிவப்பு. ஆனால் தலையைத் திறந்து போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு நேராக உட்கார்ந்து, சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

முக்காட்டக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். எல்லாம் முடிகிறவரை கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் ஒரு வகிட்டைக்கூட அவசரப்படுத்தவில்லை.

முடிந்ததும் அந்தப் பெண் எழுந்து, தோளில் கிடந்ததை வாசல் தூசு மாதிரி ஒரு தட்டுத் தட்டிவிட்டாள். தொப்பியைத் தலையில் வைக்காமல் பையில் போட்டுக்கொண்டாள். "வரட்டுமா? நல்லாப் பண்ணிக்குங்க. அடுத்த வாரம் பாக்கலாம்" என்று முக்காட்டக்காவின் தோளைத் தொட்டுவிட்டு, குனிந்து வெளியே போனாள்.

சலூன்காரர் கறுப்புத் துணியை உதறி மடித்தார்.

"இவதானா, இன்னும் ஆள் இருக்கா?" என்றாள் முக்காட்டக்கா.

"இப்பதான் இவங்க. இதுக்கு முன்னால வேற ரெண்டு மூணு பேர். ஞாயித்துக்கிழமை கடை மூடினப்புறம் வருவாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டாங்க. நீயும் அதையேதான் கேட்டே. உன் பேச்சைக் காப்பாத்தின மாதிரி அவங்க பேச்சையும் காப்பாத்தினேன்."

அவள் பேச்சை வேறு பக்கம் திருப்பினாள். "எங்க கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?"

அவர் சீப்பைத் துண்டில் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"உங்கிட்டதான்."

"எங்கிட்டயா? நான் எப்பக் கத்துக் குடுத்தேன்?"

"நீ பாத்ரூம்ல தலை வாருவ இல்ல, சீப்பை வெடுக்குனு இழுப்ப. ஸ்ஸ்னு ஒரு சத்தம் வரும். நான் வெளியில உக்காந்திருப்பேன். அந்தச் சத்தம் வராம எப்படி வாரலாம்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன். அப்புறம் உன் டாக்டர்கிட்டயே போய்க் கேட்டேன். எண்ணெயைச் சுடவச்சு ஊற விடணும்னார். பிச்சு எடுக்கக் கூடாது, தானா வர்றதை மட்டும் எடுக்கணும்னார். நல்லாப் பழகிக்கிட்டு ஒருநாள் உன்னைக் கேக்கலாம்னு இருந்தேன்."

"கேக்கலயே?"

"கேக்க விட்டியா நீ?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

முக்காட்டக்கா அந்த நாற்காலியையே பார்த்தாள். எனக்காகப் பழகிய வித்தை. எனக்கென்று செய்த சோறு. நான் கதவைச் சாத்திக்கொண்டதால் ஊரார் பசியாறிவிட்டுப் போயிருக்கிறார்கள். இதில் யார் மேல் கோபப்படுவது? கோபப்பட ஆள் கிடைக்காத பொறாமை எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

எழுந்தாள். ஷட்டரிடம் போனாள். போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் அதைத் தரை வரை இழுத்துவிட்டுத் திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். கை பின்கழுத்துக்குப் போனது. முதல் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாவது சிக்கிக்கொண்டது, அவசரத்தில் இழுத்ததில் இன்னும் இறுகியது. அவர் உதவிக்கு வரவில்லை. தொடமாட்டேன் என்று சொன்ன சொல் இன்னும் அவர் கையைக் கட்டியிருந்தது.

"என்ன, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க? அவுத்து விடுங்களேன்" என்றாள்.

அவர் அவிழ்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்தைச் சுற்றி ஏதோ படிந்தது. கண்ணைத் திறந்தபோது கண்ணாடியில், தோள் முதல் மடி வரை கறுப்பாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மேலே கோணல் மாணலாக நறுக்கிய முடியும், வெள்ளைச் செதில்களுமாக ஒரு தலை.

"யாரு இந்த முடியை வெட்டினது? கொலகாரப் பாவி!" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கறுப்புத் துணியில் இரண்டு செதில் விழுந்தது. இந்த முறை சந்தேகமில்லை, அவளுடையதேதான். தட்டிவிடக் கை எழுந்தது. பாதியில் துணிக்கு அடியிலேயே நின்றுவிட்டது.

அவர் கிண்ணத்தை எடுத்தார். எண்ணெயில் விரலை நனைக்கப் போனார்.

"இருங்க" என்றாள். "அது அவளுக்குச் சுடவச்ச எண்ணெய். எனக்குப் புதுசா வையுங்க."

அவர் கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, புது எண்ணெய் ஊற்றி, வெந்நீரை மாற்றி வைத்தார். காத்திருந்தார்கள். பிறகு அந்தப் பத்து விரலும் தலையில் இறங்கின. அவள் பழக்கத்தில் பல்லைக் கடித்து, ஸ்ஸ் என்று சொல்லத் தயாராக மூச்சை இழுத்தாள். சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. இழுத்த மூச்சு வெறும் மூச்சாகவே வெளியே வந்தது.

"வலிக்குதா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. துணிக்குள் சிக்கிய கையை எடுத்துத் துடைக்கவில்லை.

"அவளுக்கு எவ்வளவு நேரம் பண்ணீங்க?"

"முக்கால் மணி இருக்கும்."

"எனக்கு அதைவிட அஞ்சு நிமிஷமாவது கூடப் பண்ணணும்" என்றாள் முக்காட்டக்கா.